தேத்தண்ணி ருசி பார்க்கப் போனோம்



சென்ற மாதம் சேமிப்புக் குழுக்களின் கணக்குக் கொப்பி பற்றி எழுதியிருந்தேன். இம்மாதம் கணக்கை விட்டுவிட்டு நாக்கைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டாம். எங்கள் நாக்குக்கும் எங்கள் வருமானத்துக்கும், ஏன், எங்கள் மரியாதைக்கும்கூடத் தொடர்பு உண்டு என்பதை நானே இந்த வயதில்தான் அறிந்துகொண்டேன்.

கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றில் நான் சென்றுவரும் பெண்கள் குழுவொன்று இருக்கிறது. மொத்தம் 14 பேர். அவர்களில் ஒன்பது பேர் கணவரை இழந்தவர்கள், அல்லது கணவர் எங்கே என்று இன்றுவரை தேடிக்கொண்டிருப்பவர்கள். கோழி வளர்ப்பு, தையல், மிளகாய்த்தூள் இடித்து விற்பது என்று பலதையும் செய்து பார்த்தவர்கள். கிழமைக்கு நூறு ரூபாவாகத் தொடங்கிய அவர்களின் சேமிப்பு 85,000 ரூபாவாக வளர்ந்திருந்தது. அதை முதலாகப் போட்டுத் தேயிலையை மொத்தமாக வாங்கி, சிறு பொட்டலங்களாக அடைத்து ஊர்க் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்பது அவர்களின் யோசனை. அரிசி இல்லாத வீடு இருந்தாலும் தேயிலை இல்லாத வீடு இல்லை என்று சொன்னார்கள். நல்ல யோசனைதான்.

வியாபாரி ஒருவர் மாதிரிக்கு ஒரு பை தூள் கொண்டுவந்து கொடுத்தார். கடை விலையிலும் பார்க்க மிகக் குறைந்த விலை. சுடுதண்ணீர் பட்டதும் கடுஞ்சாயம் இறங்கியது. "ஒரு கரண்டி போட்டால் நாலு பேருக்குக் காணும்" என்று எல்லோருக்கும் சந்தோசம். குழுவின் மூத்த அக்கா ஒருவர் மட்டும் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய்விட்டுக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"ஏனக்கா, பிடிக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை மிஸ்" என்றார்.

அந்த "ஒண்டுமில்லை" எனக்குள் இடறிக்கொண்டே இருந்தது. பத்து வருடமாக இந்த வேலையில் இருப்பதால் ஒன்று மட்டும் பழகியிருக்கிறேன். எங்கள் பெண்கள் "ஒண்டுமில்லை" என்று சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பணத்தைக் கொடுக்க ஒரு மாதம் பொறுக்கும்படி குழுவைக் கேட்டுக்கொண்டேன்.

மலையகத்தில் வேலை செய்யும் என் பல்கலைக்கழகத் தோழி ஒருத்தி, தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் புதியவர்களுக்கு அரைநாள் ருசி பார்க்கும் வகுப்பு நடப்பதாகச் சொன்னாள். பெரும்பாலும் உல்லாசப் பயணிகளுக்காக நடத்துவது. அவள் பேசி எங்களுக்கு ஒரு நாளை ஒதுக்கித் தந்தாள். குழுவிலிருந்து நான்கு பேர், கூட நான். அந்த அக்காவைக் கேட்டபோது மூன்று தரம் மறுத்தார். புறப்படுவதற்கு முதல்நாள் இரவுதான் "நானும் வாறன்" என்று சொல்லியனுப்பினார்.

யன்னலோரத்தில் ஓர் இடம்

ஏ9 வீதி யாழ்ப்பாணத்தில் தொடங்கிக் கண்டியில் முடிகிறது. இரவு பஸ்ஸில் புறப்பட்டு விடியற்காலையில் கண்டியில் இறங்கி, நுவரெலியாப் பக்கம் போகும் பஸ்ஸில் மாறி ஏறினோம். கம்பளை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அக்கா யன்னலோர இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். புசல்லாவை வந்தபோது, பஸ்ஸின் இரைச்சலுக்குள் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நான் பிறந்தது இந்த மலையிலதான்."

அவர் பிறந்தது 1969 இல். தகப்பன் தோட்டத்துத் தொழிற்சாலையில் கூட்டித் துடைக்கும் வேலை. தாய் கொழுந்து பறிப்பவர். 1977 ஓகஸ்ட் வன்செயலில் அவர்களுடைய லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். எட்டு வயதுப் பிள்ளையாக லொறியில் ஏறி வவுனியாவுக்கு வந்து, பின் கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியிருந்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. வந்த இடத்துப் பள்ளிக்கூடத்தில் "தோட்டக்காட்டுப் பிள்ளை" என்று கூப்பிட்டார்கள். கலியாணம் முடித்து வேறு கிராமத்துக்கு வந்தபிறகு, எந்த ஊர் என்று யார் கேட்டாலும் "வவுனியா" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

இந்த அக்காவுடன் எட்டு வருடமாகப் பழகுகிறேன். 2009 இல் வலைஞர்மடத்தில் மகனை இழந்தது எனக்குத் தெரியும். மெனிக் பாம் முகாமில் எத்தனை மாதம் இருந்தார், மழை வெள்ளத்தில் எந்தக் கூடாரம் மிதந்தது என்பதெல்லாம் தெரியும். எத்தனையோ படிவங்களை அவருக்காக நிரப்பியிருக்கிறேன். எங்கே பிறந்தார் என்பது மட்டும் தெரியாது. "வவுனியா" என்று சொன்னதை எழுதிக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பத்தி பொய்யாகிவிடும். அந்தச் சொல்லை எங்கள் வீட்டிலும் பாவித்திருக்கிறார்கள். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அம்மம்மா வீட்டில் வேலைக்கு நின்ற மலையகத்து அக்கா ஒருவருக்குத் தனியாக ஒரு தகரப் பேணி இருந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டு அவரே கழுவிக் கொல்லைப் பக்கம் கவிழ்த்து வைப்பார். அவர் ஊரிலிருந்து வந்த தேயிலைதான் எங்கள் பீங்கான் கோப்பைகளில் இருந்தது என்று நாங்கள் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. பிறகு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது பெருந்தோட்டச் சமூகம் பற்றிய வினாவுக்கு நல்ல புள்ளி எடுத்தேன். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம், 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் என்று வரிசையாக எழுதினேன். தகரப் பேணியைப் பற்றி எழுதவில்லை.

அந்த மக்களின் பூட்டன் பூட்டிமார் 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். கடல் கடந்து தலைமன்னாரில் இறங்கி, காட்டுக்குள்ளால் மாத்தளைவரை நடந்தே போனார்கள். வழியில் நோயிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். அந்த வருகையின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மீண்டும் ஒரு நடைபவனி போனது சிலருக்கு நினைவிருக்கும். பூட்டன் வடக்கிலிருந்து மலைக்கு நடந்தார். பூட்டப்பிள்ளை மலையிலிருந்து வடக்குக்கு லொறியில் வந்தார். எல்லாம் சாதாரண இடமாற்றம் போலப் படிவத்தில் ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

துப்பக் கற்றுக்கொண்டோம்

வகுப்பு நடந்தது நீண்ட அறையில். வடக்குப் பார்த்த பெரிய யன்னல்கள். நேர் வெயில் விழாத, சீரான வெளிச்சம் வேண்டுமாம். மேசையில் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. கற்பித்தவர் முப்பது வருடத்துக்கு மேல் தேயிலை ருசி பார்த்து ஓய்வு பெற்ற சிங்களப் பெரியவர். தோட்டத் தமிழ் நன்றாகப் பேசினார். "பயப்பட வேணாம் அம்மா, இது சோதனை இல்ல" என்று தொடங்கினார்.

முதலில் காய்ந்த தூளைப் பார்க்க வேண்டும். பிறகு அதை அளந்து மூடியுள்ள கோப்பையில் போட்டு, அப்போதுதான் கொதித்த தண்ணீரை ஊற்ற வேண்டும். சர்வதேச நியமப்படி 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம் ஊற வேண்டும். சீனி இல்லை, கோப்பைக்குக் கோப்பை அளவும் நேரமும் மாறக்கூடாது. அப்படியிருந்தால்தான் ஒன்றை ஒன்றுடன் ஒப்பிடலாம். சாயத்தைக் கிண்ணத்தில் வடித்தபிறகு, ஊறிய சக்கையை மூடியில் கவிழ்த்து அதையும் பார்க்க வேண்டும், முகர வேண்டும். நல்ல தேயிலையின் சக்கை புதுச் செப்புக்காசு போலப் பளபளக்கும். நாங்கள் வீட்டில் திரும்பியும் பாராமல் வாழைக்கு வீசும் சக்கையில்தான் பாதி உண்மை இருக்கிறது என்றார்.

பிறகு கரண்டியில் அள்ளி உறிஞ்சிக் காட்டினார். "சர்ர்" என்று அறை முழுவதும் கேட்கும் சத்தம். சாயம் காற்றோடு கலந்து வாய் முழுவதும் தெறித்து மூக்கின் பின்பக்கமும் போக வேண்டுமாம். ருசியின் பெரும்பகுதியைச் சொல்வது மூக்குத்தான். தடிமன் பிடித்தால் கறி சப்பென்று இருப்பது அதனால்தான். பிறகு உயரமான தகரப் பாத்திரத்தில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணம். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கிண்ணம் பார்ப்பவர் எல்லாவற்றையும் குடிக்க முடியுமா?

எங்கள் ஆட்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "சத்தம் போட்டுக் குடிச்சா அம்மா மண்டையில குட்டுவா" என்றாள் ஒருத்தி. "பொம்பிளையள் சபையில துப்புறதே?" என்றாள் இன்னொருத்தி. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துச் சிரித்து, கடைசியில் எல்லோரும் உறிஞ்சினோம், துப்பினோம். பல மாதங்களின் பின் அவர்கள் அப்படி வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன்.

தேயிலையின் தரப்பெயர்கள் பற்றியும் சொன்னார். பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று பொட்டலத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் துகளின் அளவைக் குறிக்கிறதே தவிர நல்லது கெட்டதை அல்ல. பருந்துகள் மெதுவாகச் சாயம் இறக்கும். சிறுதூள் கெதியாக, கடுமையாக இறக்கும். நல்ல கொழுந்தின் டஸ்ட் நல்ல தேயிலைதான். கெட்ட கொழுந்தின் பெரிய இலை கெட்டதுதான்.

மூன்று கிண்ணம் வைத்தார். முதலாவது 2000 அடிக்குக் கீழே விளைந்த தாழ்நிலத் தேயிலை. கறுப்புச் சிவப்பு நிறம், கனமான சாயம். இன்று இலங்கைத் தேயிலையில் பாதிக்கு மேல் இந்தத் தாழ்நிலத்தில்தான் விளைகிறது. இரண்டாவது 2000 அடிக்கும் 4000 அடிக்கும் இடையில் விளைந்தது. மூன்றாவது 4000 அடிக்கு மேலே. அது வெளிர் பொன்னிறம். பார்த்தால் "சாயமே இல்லையே" என்று நாங்கள் ஒதுக்கிவிடுவோம். வாயில் விட்டால் பூவின் வாசம்.

"என்ன தெரியுது? உங்க வார்த்தையில சொல்லுங்க. இங்கிலீஷ்காரன் வார்த்தை வேணாம்" என்றார்.

தயங்கித் தயங்கித் தொடங்கினார்கள். "நாக்கைப் பிடிக்குது." "பச்சைப் பாக்கு மாதிரி." "நாவல்பழம் சாப்பிட்ட நாக்கு." "இது தொண்டையில கமறுது." அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தேயிலைக்காரர்கள் பெரிதாகப் பேசும் அந்த நாக்கைப் பிடிக்கும் குணத்துக்கு எங்களிடம் பழைய சொல் இருக்கிறது. துவர்ப்பு. அறுசுவையில் ஒன்று. வாழைப்பூவும் மாதுளந்தோலும் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் அது புதிதல்ல. எங்களுக்குத் தெரியும் என்பதுதான் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

பிறகு, நெடுநேரம் அடுப்பில் வைத்துக் காய்ச்சிய ஒரு தேத்தண்ணியைத் தந்தார். பிழையான ருசியையும் பழக வேண்டுமாம். எங்களில் இளையவள் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு அப்படியே நின்றாள். "இது வலைஞர்மடத்துத் தேத்தண்ணி" என்றாள். ஒரு கைப்பிடித் தூளை மூன்று நாள் திருப்பித் திருப்பிக் காய்ச்சிப் பங்கருக்குள் குடித்த ருசி. அப்போது அவளுக்குப் பதினொரு வயது. பெரியவருக்கு அந்த ஊர்ப்பெயர் விளங்கியதோ தெரியவில்லை. ஒன்றும் கேட்காமல் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நாங்களும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நினைவு மூக்கிலும் நாக்கிலும் ஒளிந்திருந்து, அழைக்காமலே வரும் என்பதை உளவளத்துணைப் பயிற்சியில் படித்திருக்கிறேன். அன்று அது எனக்கு முன்னால் கோப்பையோடு நின்றது. அவள் அழவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு "அடுத்ததைத் தாங்கோ சேர்" என்றாள்.

நாலாவது கிண்ணம்

அடுத்தது நாங்கள் கொண்டுபோன வியாபாரியின் தூள். அதை யார் தந்தார் என்று சொல்லாமல் கொடுத்தேன். ஊறியதும் மற்றவர்கள் கிட்டப் போக முன்னரே அக்கா சொன்னார்: "இது பெக்டரிக்குப் பின்னால கொட்டுற குப்பைங்க. எங்கப்பா கூட்டி அள்ளிப் போடுவாரு. சோறு கொண்டுகிட்டுப் போறப்ப மழ பேஞ்சிருந்தா இந்த ஈரச்சாக்கு நாத்தந்தான் அடிக்கும்."

எங்கள் எல்லோரையும் திடுக்கிட வைத்தது சொன்ன விடயம் மட்டுமல்ல. அக்காவின் பேச்சே மாறியிருந்தது. ஐம்பது வருடத்துக்குக் கிட்ட எங்களோடு "எண்டு, வாறன்" என்று பேசியவர், எட்டு வயதில் விட்டுவந்த பேச்சுக்குப் போயிருந்தார். அவருக்கே அது தெரிந்தது. மற்ற மூன்று பேரின் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, "நான் தோட்டத்தில பிறந்தவ. இவ்வளவு நாளும் சொல்லேல்லை" என்றார்.

பெரியவர் சக்கையைக் கவிழ்த்துக் காட்டினார். கறுத்து, நார்நாராக, உயிரில்லாமல் கிடந்தது. இன்னொரு கிளாஸில் பச்சைத் தண்ணீர் எடுத்து அந்தத் தூளில் ஒரு சிட்டிகை போட்டார். போட்டவுடன் சிவப்புச் சாயம் நூலாக இறங்கிப் பரவியது. நல்ல தேயிலை பச்சைத் தண்ணீரில் மெல்ல மெல்லத்தான் நிறம் விடும். தொழிற்சாலையில் கழித்துவிடும் தேயிலையில் நிறம் சேர்த்து விற்கும் கள்ள வியாபாரம் இருக்கிறது என்றும், அனுமதிப்பத்திரம் இல்லாமல் கழிவுத் தேயிலையில் கை வைப்பது சட்டப்படி குற்றம் என்றும், அகப்பட்டால் பொட்டலம் கட்டி விற்ற நாங்களே முதலில் மாட்டுவோம் என்றும் சொன்னார்.

85,000 ரூபா. 14 பெண்களின் பல வருடச் சேமிப்பு. அக்காவுக்கு அது முதல் நாளே தெரிந்திருந்தது. ஆனால் "எப்படித் தெரியும்?" என்று யாராவது கேட்டால் எங்கே பிறந்தேன் என்று சொல்ல வேண்டி வரும். அதனால்தான் "ஒண்டுமில்லை" என்றார். ஒரு சொல்லால் ஒரு மனிதரைச் சிறுமைப்படுத்தும்போது அவருக்குத்தான் நட்டம் என்று நினைக்கிறோம். அவரிடம் இருந்த அறிவு எங்களுக்குக் கிடைக்காமல் போகும் நட்டத்தை யாரும் கணக்குக் கொப்பியில் எழுதுவதில்லை.

வகுப்பு முடியும் நேரம் அக்கா மூன்றாவது கிண்ணத்தைக் காட்டிக் கேட்டார்: "சேர், இந்த உசரத்துத் தேயிலைய எங்கம்மா குடிச்சிருப்பாங்களா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "பறிச்சிருப்பாங்க அம்மா. குடிச்சிருக்க மாட்டாங்க. நல்லது எல்லாம் கொழும்புக்கு ஏலத்துக்குப் போயிரும். அவங்களுக்கு மாசம் ஒரு பொட்டலம் தூள் குடுப்போம்" என்றார். 'குடுப்பாங்க' என்று சொல்லாமல் 'குடுப்போம்' என்று சொன்னதற்காக அந்த மனிதரை நான் மதிக்கிறேன்.

அக்கா கரண்டியை வைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கையால் எடுத்து, மெதுவாக, சத்தமில்லாமல் முழுவதையும் குடித்தார். "இதைத் துப்ப மனம் வரேல்லை" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை. ஒரு பெண் ஒரு நாளில் 18 கிலோ பறித்தால் அது 4 கிலோ தேயிலையாகும். கோப்பைக்கு 2 கிராம் என்றால் 2000 கோப்பை. நாட்சம்பளம் 1000 ரூபாவாக வேண்டும் என்று வருடக்கணக்காகப் போராடி, 2021 இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. அந்தச் சம்பளத்தில் பார்த்தால் ஒரு கோப்பைக்கு அவர் கைக்குப் போனது 50 சதம். பிறகு சம்பளம் கூடியிருக்கிறது. விலைவாசியும் கூடியிருக்கிறது. அட்டைக்கடியும் மழையும் அப்படியே இருக்கின்றன.

வீட்டில் நீங்களும் செய்து பார்க்கலாம்

அன்று கற்றதில் எல்லோருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே தருகிறேன்.

புதிதாகத் தேயிலை வாங்கினால் ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். உடனே கடும் நிறம் பரவினால் சந்தேகப்படுங்கள். ஈரமான வெள்ளைக் கடதாசியில் தூவினாலும் கலந்த சாயம் பொட்டுப் பொட்டாகக் காட்டிக்கொடுக்கும். இரும்புத் துகள் இருந்தால் காந்தத்தில் ஒட்டும்.

இரண்டு வகைத் தேயிலையை ஒப்பிட வேண்டுமானால் இரண்டு ஒரே மாதிரியான கோப்பை, ஒரே அளவு தூள், ஒரே தண்ணீர், ஒரே நேரம். சீனி போட வேண்டாம். சீனி எல்லாக் குற்றத்தையும் மறைத்துவிடும்.

விலையைக் கிலோவுக்கு மட்டும் பார்க்காமல் கோப்பைக்கும் பாருங்கள். உதாரணமாக, 1800 ரூபாத் தேயிலையில் 400 கோப்பை வந்தால் கோப்பை 4 ரூபா 50 சதம். 1400 ரூபாத் தேயிலையில் 250 கோப்பைதான் வந்தால் கோப்பை 5 ரூபா 60 சதம். மலிவானது எது?

தேயிலை பக்கத்தில் இருக்கும் மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். மிளகாய்த்தூள், சவர்க்காரம், மண்ணெண்ணெய்க்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். காற்றும் வெயிலும் படாத, இறுக்கமாக மூடிய பாத்திரமே நல்லது. அடுப்பில் வைத்துக் காய்ச்சிக் கொண்டிருக்க வேண்டாம். கொதித்த தண்ணீரை ஊற்றி நாலைந்து நிமிடம் மூடி வைத்தாலே போதும்.

இன்னொன்று முக்கியம். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பது எங்கள் பழக்கம். தேயிலையின் துவர்ப்புப் பொருள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தடுக்கிறது. இரத்தச்சோகை உள்ளவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள்.

பொட்டலம் கட்டி விற்க நினைக்கும் குழுக்கள், முதலில் பிரதேச செயலகத்தில் வியாபாரத்தைப் பதிவு செய்யுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து, பொட்டலத்தில் என்னென்ன விபரம் போட வேண்டும் என்று கேட்டறியுங்கள். நிறை, பொதிசெய்த திகதி, காலாவதித் திகதி, முகவரி என்பன கட்டாயம் தெளிவாக இருக்க வேண்டும். யாரிடம் வாங்கினாலும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டுத் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

குழுவில் நடந்தது

ஊருக்கு வந்தபின் நடந்த கூட்டத்தில் அக்காவே எழும்பி எல்லாவற்றையும் சொன்னார். சினிமாவில் வருவதுபோல எல்லோரும் எழும்பிக் கட்டிப்பிடிக்கவில்லை. வயதான அம்மா ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு கூட்டத்துக்கு வரவுமில்லை. ஆனால் மற்றொருத்தி, "எங்கட மாமியாரும் பதுளைதான், வீட்டில சொல்லக் கூடாது எண்டுதான் இவ்வளவு நாளும்..." என்று தொடங்கி அரைவழியில் நிறுத்தினாள். வியாபாரியின் தூளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முதற்கட்டமாகப் பத்துக் கிலோ மட்டும், பற்றுச்சீட்டோடு, வேறிடத்தில் எடுத்திருக்கிறார்கள். வருகிற ஒவ்வொரு பையையும் ருசி பார்த்து ஏற்பதும் திருப்புவதும் அக்காவின் பொறுப்பு. இலாபம் இன்னும் பெரிதாக இல்லை. மூன்று கடை எடுக்கிறது. நான்காவது கடைக்காரர் "சாயம் காணாது" என்கிறார். அவருக்கு ஒருநாள் வகுப்பெடுக்கப் போவதாக அக்கா சொல்லியிருக்கிறார்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "பெயர் வேண்டாம் தங்கச்சி. மலையகம் எண்டு மட்டும் போடுங்கோ" என்றார். எட்டு வருடத்தில் அவர் என்னை "மிஸ்" என்று அழைக்காதது அன்றுதான்.

சகோதரிகளே, உங்கள் குழுவிலும் கோப்பையை முகர்ந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே வைக்கும் ஒருவர் இருக்கக்கூடும். அவருக்கு எது தெரியும் என்று கேளுங்கள். எங்கே பிறந்தார் என்று அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களே அப்படி ஒருவராக இருந்தால், உங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன். பெயர் போடாமலே எழுதலாம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.